பஸ்காவுக்கு வீட்டைத் துடைக்கும்போது கைநழுவிப் போகிறவை

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. யூத நாட்காட்டியின் நீசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கி, இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் பெரும்பாலும் 8 நாள். அத்தனை நாளும் வீட்டில் புளிப்பு இருக்கக் கூடாது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே புளித்ததாகக் கணக்கு. ரொட்டி, பிஸ்கட், பீர் எல்லாம் வெளியே போக வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் வீடு அமளிதுமளிப்படும். தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

தூசியையும் புளிப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடப்பது. திரைச்சீலை துவைப்பதும் ஜன்னல் கம்பி துடைப்பதும் நல்ல வேலைதான். ஆனால் பஸ்கா அதைக் கேட்கவில்லை. புளிப்பு கொண்டுபோகாத இடத்தில் தேடவே வேண்டாம் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தெளிவாகச் சொல்லிவிட்டது. “தூசி புளிப்பல்ல, பிள்ளைகள் பஸ்கா பலியும் அல்ல” என்று யூத வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. வேலை அலுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறவர்களுக்குச் சொன்னது அது.

சரி, புளிப்பு என்றால் பாவமா? அப்படி நினைப்பதும் பிசகு. வருடம் முழுக்கச் சாப்பிடும் ரொட்டிதானே அது. ஏழு வாரம் கழித்து வரும் பண்டிகைக்கு, எருசலேம் ஆலயத்தில் புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்களையே காணிக்கையாக வைத்தார்கள். பஸ்காவில் சாப்பிடும் புளிப்பில்லாத அப்பத்திலும் இருப்பது அதே மாவு, அதே தண்ணீர். ஒன்று உப்புகிறது, மற்றது தட்டையாகவே இருக்கிறது, அவ்வளவுதான். நமக்குள் ‘நான்’ என்று உப்பிக்கொண்டு வருவதைக் கொஞ்ச நாளாவது அடக்கிவைக்கச் சொல்வதாகவே ஞானிகள் இதை விளக்கினார்கள். அலமாரியைக் காலி செய்துவிட்டு, ‘என் வீடு மாதிரி சுத்தம் யார் வீட்டிலும் இல்லை’ என்று பெருமை பேசினால் புளிப்பு எங்கே போனது?

பஸ்காவின் முதல் இரவில் விடுதலைக் கதை சொல்லிச் சாப்பிடும் செதேர் விருந்துக்கு முந்தைய இரவில் நடக்கும் தேடல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விளக்கை அணைத்துவிட்டு, கையில் மெழுகுவத்தி, ஒரு இறகு, ஒரு மரக்கரண்டி. முன்கூட்டியே பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி ஒளித்துவைக்கும் வழக்கமும் உண்டு. அப்பா குனிந்து சோபாவுக்கு அடியில் வெளிச்சம் காட்ட, பிள்ளைகள் பின்னாலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மெழுகுவத்தி எதற்கு என்று பேசும் தல்மூத் (மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் யூத நூல்), மனிதனின் ஆவி கடவுளின் விளக்கு, அது உள்ளே ஒளிந்திருப்பதைத் தேடிப் பார்க்கும் என்கிற நீதிமொழியை எடுத்துக்காட்டுகிறது. பத்துத் துண்டும் கிடைத்ததும் ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போனால் அந்த விளக்குக்கு வேலையே இல்லாமல் போகிறது. அப்புறம் ‘என் கண்ணில் படாத புளிப்பும் மண்தூசிக்குச் சமம், அது எனக்குரியதல்ல’ என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சனங்கள் பேசிய அரமேயத்தில் இருக்கிறது அந்த வாசகம். புரியாமல் முணுமுணுத்துவிட்டுப் போகக் கூடாது, தெரிந்த மொழியில் சொல்லலாம்.

ஏழைகளை மறந்துவிட்டு ஆயத்தம் செய்வதும் ஆயத்தமாகாது. பண்டிகைக்கு முன் ‘கோதுமைக் காசு’ என்று திரட்டி, இல்லாதவர்களுக்கு மாவு வாங்கிக் கொடுப்பது பழைய வழக்கம். பிச்சைச் சோற்றில் வாழ்பவருக்கும் செதேர் இரவில் நான்கு கிண்ணம் திராட்சை ரசம் குறையக் கூடாது என்கிறது மிஷ்னா.

கடைசியாக, துடைத்துத் துடைத்துக் களைத்துப்போய் செதேர் மேசையில் தூங்கி வழிவது. அன்றிரவு பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும், பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும். பாடசாலையை விட்டு நேரத்தோடு எழுந்து பழக்கமில்லாத பழங்கால யூத குரு ரபி அக்கீவா, பஸ்காவுக்கு முந்தைய நாள் பிள்ளைகளுக்காகச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்வாராம். பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்கட்டும் என்று வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம்.