வணிகமும் பூர்வீகமும் ஒரே பயணத்தில்: தென்னாப்பிரிக்கத் தமிழர் குழுவை வடசென்னையில் வரவேற்போருக்கான வழிகாட்டி

டர்பனிலிருந்து தமிழ் வணிகர்கள் குழுவாகச் சென்னைக்கு வரும்போது இரண்டு வேலைகளை ஒன்றாகக் கொண்டு வருகிறார்கள். சேலை, பூசைப் பொருள், பித்தளை விளக்கு ஆகியவற்றுக்குக் கொள்முதல் பேசுவது ஒன்று. 1860 முதல் 1911 வரை டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தம் முன்னோரின் ஊரைத் தேடிப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே நாளில் திணிப்பதுதான் அழைத்து வருவோர் பெரும்பாலும் செய்யும் பிழை. காலையில் கோடவுன் தெருவில் விலை பேசிவிட்டு மாலையில் ஊர்க் கோயிலில் நிற்க வைத்தால், அவர்களுக்குக் கடையிலும் மனம் ஒட்டாது, கோயிலிலும் ஒட்டாது.

முதல் இரண்டு மூன்று நாள்களை வணிகப் பேச்சுக்கு ஒதுக்கி, அதன்பின் ஊர்ப் பயணத்தை வைத்து, திரும்பி வந்ததும் ஒப்பந்தத்தை முடிப்பது நல்ல ஒழுங்கு. சாம்பிளும் கொட்டேஷனும் தயாராகச் சில நாள்கள் பிடிக்கும் என்பதால், வணிகர் அவற்றை ஆயத்தம் செய்யும் நேரமும் குழுவினர் ஊரில் இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். விடுதி அறையில் வெறுமனே காத்திருக்க வேண்டியதில்லை.

பயணத்துக்கு முந்தைய வேலைகளில் தலையாயது ஊரை உறுதிசெய்வது. ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குச் சென்றவர்களுக்குக் கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி உண்டு. குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என அந்த வரி நீளும். அதன் நகலைக் குழுவினர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கிராமத்தின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், அதை மட்டும் நம்பாமல் ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற வரிசையில் இறங்கித் தேட வேண்டும். பட்டியலில் 'வட ஆர்க்காடு' என்றிருந்தால் அது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். சித்தூர்ப் பகுதியும் 1911 வரை அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 'செங்கல்பட்டு' என்பது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றையும் தழுவியது. ஊர் பிடிபட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் நேரில் சென்று பேசி வந்துவிட வேண்டும்.

விசாவில் கவனம் தேவை. சுற்றுலா விசாவில் வந்து கொள்முதல் பேசுவது முறையன்று. வணிகம் பேசுவோர் வணிக விசா எடுத்துவர வேண்டும், உடன்வரும் குடும்பத்தினருக்குச் சுற்றுலா விசா போதும்.

காலத்தைப் பொறுத்தவரை, பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி இறுதி வரையிலான நாள்களே உகந்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாரிமுனைத் தெருக்களில் நடப்பதே பெரும்பாடு.

ஜார்ஜ் டவுனில் எந்தத் தெருவுக்கு எதற்காகச் செல்வது என்பதை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் திருமண அழைப்பிதழுக்கும் ஆண்டர்சன் தெரு, பூசைப் பொருளுக்கும் நாட்டு மருந்துக்கும் கந்தகோட்டத்தை ஒட்டிய ராசப்ப செட்டித் தெரு. பழைய துணிக்கடைகளில் செருப்பை வாசலில் விட்டு, வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் அமர்ந்துதான் பேச்சு நடக்கும். கடைக்காரர் துணிச் சுருளை உதறி விரிப்பார். வாங்குபவர் ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகே விலை வாய்க்கு வரும். இத்தகைய கடையில் நான்கு பேருக்கு மேல் உட்கார இடமிராது. ஆகவே இருபது பேர் கொண்ட குழுவை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தெரு அறிந்த ஒருவரைத் துணையாக அனுப்புவது அவசியம். பேருந்தை உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள். மீன்பாடி வண்டியும், குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியும் சரக்கு இறக்கும் வேளையில் ஆட்டோவே நகராது. மண்ணடி அல்லது உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடப்பதே விரைவு.

கடைகள் சூடுபிடிக்கக் காலை பதினொரு மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். புதிதாகத் தொடங்கும் வணிகத்தை ராகு காலத்தில் பேச விரும்பாதவர்கள் பலர். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம், அதைத் தொடர்ந்து மண்ணடியில் ஜும்ஆ தொழுகை என்பதால், அன்று முற்பகலைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு விட்டுவிடலாம். மெட்ரோவே அங்கு செல்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. மற்ற நாள்களில் செல்லும்போதும் கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இயங்குவதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இராயபுரம் ரயில் நிலையத்தை மட்டும் அவசரமாகக் காட்டிவிட்டுப் போகாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. நேட்டாலுக்குத் தமிழர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான 'ட்ரூரோ', 1860 அக்டோபரில் இந்தச் சென்னைக் கரையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அப்போது துறைமுகச் சுவர் கிடையாது. அலைகளைக் கடந்து, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில்தான் கப்பலுக்குச் செல்ல வேண்டும். இந்தச் செய்தியை நிலைய வாசலில் நின்று சொன்னால், மறுநாள் முன்னோரின் ஊருக்குப் போகும் பயணத்துக்கு அதுவே தொடக்கமாகிவிடும்.

ஊருக்குப் போகும் நாளில் சொல்லும் முறையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டிலிருந்து பங்காளிகள் வருகிறார்கள் என்றால் நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்ற அச்சம் எழுவது இயல்பு; அவர்கள் ஊரைப் பார்க்க மட்டுமே வருகிறார்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கப்பல் பட்டியலில் உள்ள சாதிப் பெயரைக் கூட்டத்தின் நடுவே படிக்கக் கூடாது. வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் பொருளற்றுப் போயிருக்கும், ஊரிலோ அவர்களை எந்தத் தெருவுக்கு அழைத்துப் போவது என்பதையே அது முடிவு செய்துவிடும். தந்தை பெயரையும் குலதெய்வத்தையும் கொண்டு பேச்சைத் தொடங்கலாம். கையில் பணம் கொடுப்பதைத் தவிர்த்து, விரும்புவோர் அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் வழியே உதவலாம். ஊர் மண்ணை ஒரு பிடி எடுத்துச் செல்ல ஆசைப்படுவார்கள். அனுமதியின்றி மண்ணைக் கொண்டுசெல்லத் தென்னாப்பிரிக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது என்பதை அன்போடு முன்னரே சொல்லி, ஒளிப்படத்துக்கும் கோயில் குங்குமத்துக்கும் நேரம் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் சாம்பிளை ஒப்பிட்டு விலையை முடிக்கும்போது, விற்பவரிடம் ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்) உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். இல்லையெனில் அந்த எண் உள்ள ஏற்றுமதியாளர் வழியே சரக்கை அனுப்பலாம். முன்பணம் வங்கி வழியாகவே போகட்டும். பித்தளைச் சரக்கை மரப்பெட்டியில் கட்டினால், அந்த மரம் பதனிடப்பட்டதற்கான முத்திரை பெட்டியின் மேல் இருக்கிறதா என்று லாரியில் ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். முத்திரை இல்லாத பெட்டி டர்பன் துறைமுகத்தில் தடுக்கப்படும்.