ஹைடாடிட் கட்டி: உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஹைடாடிட் கட்டி என்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் உடலுக்குள் வளர்க்கும் நீர்க்கட்டி. பெங்களூரு அல்சூரில் என் ஸ்கேன் அறைக்குப் போன வாரம் ஓசூர்ப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார்; ஆடு வளர்ப்பவர். "ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்திருக்கு டாக்டர், புழு உசுரோட இருக்கா?" என்றார். அந்தச் சீட்டு அதைச் சொல்லாது. புழு செத்த பிறகும் வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே வரலாம்.

அல்ட்ராசவுண்டில் கட்டியின் உள்ளே பாருங்கள். தோற்றத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் சிஇ1 முதல் சிஇ5 வரை கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. தெளிந்த நீர், இரட்டைக்கோட்டுச் சுவர் என்றால் சிஇ1. தேன்கூடு போலக் குட்டிக் கட்டிகள் என்றால் சிஇ2. இரண்டிலும் உயிர் உண்டு. நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல்லுங்கள், உள்ளே படிந்த 'மணல்' (புழுத்தலைகளும் துகள்களும்) பனி போலச் சுழன்று இறங்கும். சவ்வு கழன்று அல்லி இலை மாதிரி மிதந்தால் 3ஏ, இரண்டுங்கெட்டான். கெட்டிப் பொருளுக்குள் குட்டிக் கட்டிகள் தெரிந்தால் 3பி, பெரும்பாலும் உயிருள்ளதுதான். நூல்கண்டு போலிருந்தால் 4, சுவர் தடித்துச் சுண்ணாம்பேறினால் 5; இவை இரண்டும் பெரும்பாலும் உயிரற்றவை. ஆனால் சுண்ணாம்பு எந்தக் கட்டத்திலும் வரும், அதை மட்டும் பார்த்து 'செத்தது' என்று எழுதிவிடாதீர்கள். (நானும் எழுதியிருக்கிறேன்.)

5 செ.மீ.க்குக் குறைந்த 1, 3ஏ என்றால் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து மட்டும் போதும். பெரிதானால் ஊசிவழி உறிஞ்சலும் சேரும். அந்த நீரில் ஈயோசின் என்ற சாயத்தை விட்டுப் பார்த்தால், உயிருள்ள புழுத்தலைகள் சாயம் ஏற்காது. 4, 5 தானாக அடங்கியிருந்தால் மருந்தில்லாமல் ஸ்கேனில் கவனித்தாலே சரி.

அக்காவுக்கு 3பி. அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன்.