மீற்றர் வீட்டில் இருந்தும் முட்டு முற்றுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொவிட்டோடு, விரலில் மாட்டி இரத்த ஒக்சிசனை அளக்கிற ஒக்சிமீற்றர் பல வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. இப்போது மூச்சை ஊதும் வேகத்தை அளந்து போனோடு இணைகிற பீக் ஃப்ளோ மீற்றர், மருந்து இழுக்கிற பம்பில் (இன்ஹேலரில்) பூட்டுகிற சென்சர், மூச்சு எண்ணுகிற கைக்கடிகாரம் என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். இவ்வளவும் இருந்தும் வாடைக்காற்று தொடங்கி, மழையும் தடிமனும் சேர்ந்து வருகிற கார்த்திகை, மார்கழியில் ஆஸ்துமா முட்டோடு நடுச்சாமத்தில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கருவி எதற்கு என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான முட்டு ஒரே இரவில் வருவதில்லை. 1999ல் வெளியான ஓர் ஆய்வு 425 கடுமையான ஆஸ்துமாத் தாக்குதல்களை நோயாளிகளின் தினக்குறிப்பில் பின்னோக்கிப் பார்த்தது. மூச்சை ஊதும் வேகம் பல நாட்களாக மெதுவாக இறங்கி, கடைசி 2, 3 நாட்களில்தான் வேகமாக விழுந்திருந்தது. முன்னாலுள்ள அந்த மெதுவான இறக்கத்தைக் கண்டுகொள்ளத்தான் வீட்டில் அளக்கிறோம். ஸ்டீரொயிட் குளிசை போட்டாலும் வேலை செய்ய 4 மணித்தியாலமாவது பிடிக்கும். மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியாக வரவேண்டும். இரண்டு நாள் முந்திக்கொண்டால் அந்த ஓட்டம் பல தடவை தேவைப்படாது.

நான் அதிகம் காணும் தவறு, ஒக்சிமீற்றரை ஆஸ்துமாவின் எச்சரிக்கை மணியாக நினைப்பது. “97 காட்டுது, ஒண்டுமில்லை” என்பார்கள். மூச்சுக்குழாய் சுருங்கும்போது உடம்பு வேகவேகமாக மூச்சு வாங்கி ஒக்சிசனை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுகிறவரின் விரலிலும் 96, 97 நிற்கும். 92க்குக் கீழே இறங்கியதென்றால் ஆபத்து ஏற்கெனவே முற்றிவிட்டது. இன்னொரு விஷயம் எங்கள் தோல் நிறத்துக்குப் பொருந்தும்: 2020ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், இரத்தத்தில் ஒக்சிசன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண் காட்டிய சம்பவங்கள் வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும்கூட எண்ணைக் குழப்பும். ஒக்சிமீற்றரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரப்போவதைச் சொல்கிற கருவி அது இல்லை.

வரப்போவதை ஓரளவு சொல்வது பீக் ஃப்ளோ. அதிலும் பலர் தொடக்கத்திலேயே பிழை விடுகிறார்கள். மீற்றரோடு வரும் போன் செயலியில் வயதையும் உயரத்தையும் போட்டதும் அது ஓர் எண்ணைத் தரும். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அது பொதுக்கணக்கு. உங்களுக்கு வேண்டியது உங்களுடைய சொந்த உச்ச அளவு: வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கும் காலத்தில் 2 கிழமை, காலையும் மாலையும் ஊதி, அதில் வந்த மிகக்கூடிய எண். முட்டு இருக்கும்போதே கருவியை வாங்கி அன்றைய எண்ணை உச்சமாகப் பதிந்தால், பிறகு எவ்வளவு இறங்கினாலும் செயலி பச்சைதான் காட்டும். வளர்கிற பிள்ளைக்கு இந்த எண்ணை இடைக்கிடை புதுப்பிக்கவும் வேண்டும். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஊதச் சொல்லி வருத்த வேண்டாம். அவர்களிடம் அந்த எண் சரியாக வராது.

இனி நிறங்கள். உச்சத்தின் 80 வீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு என்பது பரவலான முறை. நல்ல முறைதான், ஆனால் நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒருவருடைய உச்சம் 420 என்று வையுங்கள். மஞ்சள் 336ல் தொடங்கும். திங்கள் 420, செவ்வாய் 405, புதன் 390, வியாழன் 370, வெள்ளி 350. ஐந்து நாளும் திரையில் பச்சை. ஆனால் அந்த ஆள் வியாழன் விடியப்புறம் 3 மணிக்கு இருமி எழும்பியிருக்கிறார், வழமையாக ஏறுகிற கோணேசர் கோயில் மேட்டில் நடுவழியில் நின்றிருக்கிறார், முட்டை உடனே தணிக்கிற நீலப் பம்பை வழமையை விட இரண்டு தடவை கூடுதலாக அடித்திருக்கிறார். கோட்டுப்படத்தைத் திறந்து பார்த்திருந்தால் படிக்கட்டு மாதிரி இறங்குவது கண்ணில் பட்டிருக்கும். எண்ணோடு சேர்த்து இரவு இருமலையும் பம்ப் கணக்கையும் பதியச் சொல்வது இதனால்தான். எண் மட்டும், அல்லது அறிகுறி மட்டும் என்று நம்பினால் ஏதாவது ஒன்று தவறும்.

ஊதுகிற நேரம் பற்றிக் கொஞ்சம். காலையில் மூச்சுக்குழாய் இயல்பாகவே சற்றுச் சுருங்கியிருக்கும். நீலப் பம்ப் அடித்தால் சில நிமிடத்தில் விரிந்து, 4 முதல் 6 மணித்தியாலம் அப்படியே நிற்கும். ஒரு நாள் பம்புக்கு முன், மறுநாள் பம்புக்குப் பின், இன்னொரு நாள் பின்னேரம் கடலில் குளித்துவிட்டு வந்து என்று ஊதினால் கோடு ஏறி இறங்கும். அதில் நோய் எது, நேரம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. காலையில் எழும்பியதும், பம்புக்கு முன், நின்றபடி, முழு மூச்செடுத்து, உதடு கசியாமல் மூன்று தடவை ஊதிக் கூடியதை எடுங்கள். மாலையிலும் ஒரே நேரம். கருவியையும் மாற்றாதீர்கள். ஒரே ஆள் ஊதினாலும் இரண்டு கம்பனி மீற்றரில் இரண்டு எண் வரலாம். புதியது வாங்கினால் உச்ச அளவையும் புதிதாக எடுக்க வேண்டும். மூன்று நாள் ஊத மறந்தால் இடத்தை வெறுமையாக விடுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாள் காலையில் பழைய நாட்களுக்கு ஊகித்து நிரப்புகிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. நேரத்தைத் தானாகப் பதிகிற மின்னணு மீற்றர் வந்த பிறகுதான் அது பிடிபட்டது.

உப்புவெளியில் ஒரு வீடு. தாய்க்கு ஆஸ்துமா, மகன் கட்டாரில். மீற்றரை அனுப்பியவர் மகன் என்பதால் எச்சரிக்கையும் அவருடைய போனுக்கே போகிறது. இங்கே காலை 6 மணிக்கு அம்மா ஊதும்போது அங்கே 3.30. மகன் எழும்பி, செய்தியைப் பார்த்து, பதறி அழைக்கும்போது அம்மா சந்தைக்குப் போயிருப்பார், போன் மேசையில். “மீற்றர் அவனுக்குச் சொல்லும் தானே தம்பி” என்பது அம்மாவின் நிம்மதி. பாசத்தில் குறை சொல்ல முடியாது. எச்சரிக்கை முதலில் போகவேண்டியது அந்த வீட்டுக்குள் இருக்கிற ஒருவருக்கு. அடுத்தது பக்கத்து வீட்டுக்கு. கட்டார் மூன்றாவது.

அந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? இங்கேதான் அநேகமான வீடுகள் வெறுங்கையோடு நிற்கின்றன. மஞ்சளானால் எந்தப் பம்ப், எத்தனை தடவை, எப்போது குளிசை, எப்போது ஆஸ்பத்திரி என்று உங்களுக்கென்று டொக்டர் எழுதித் தந்த தாள் இல்லாவிட்டால் விலை கூடிய மீற்றரும் விளையாட்டுப் பொருள்தான். அடுத்த கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைப் போனில் படமெடுத்து வையுங்கள், தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். எச்சரிக்கை எந்த அளவில் அடிக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மிக நுணுக்கமாக வைத்தால் கச்சான் காற்றில் புழுதி பறக்கிற மாதங்களில் நாளெல்லாம் அடிக்கும். இரண்டாவது கிழமையே யாராவது சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். தொடர்ந்து 2 நாள் உச்சத்திலிருந்து 20 வீதம் இறங்கி நின்றால் கவனி என்ற மாதிரியான விதி பொய் எச்சரிக்கையைக் குறைக்கும். அதுவும் எல்லாத் தாக்குதலையும் பிடித்துவிடாது.

பம்பில் பூட்டுகிற சென்சர் எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்று எண்ணும். மருந்து நெஞ்சுக்குள் போனதா, நாக்கில் படிந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆனாலும் நீலப் பம்பின் கணக்கு பெறுமதியானது. 200 தடவை அடிக்கிற நீலப் பம்ப் வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் முடிகிறதென்றால் தாக்குதல் வரும் அபாயம் கூடியவர் நீங்கள். இதை அறிய சென்சர்கூட வேண்டாம், பாமசித் துண்டுகளைப் பார்த்தாலே போதும். கோடு பச்சையில் நிற்கிறது என்று மண்ணிறத் தடுப்புப் பம்பை நிறுத்துவது இன்னொரு வகை. கோடு பச்சையில் நிற்பதே அநேகமாக அந்தப் பம்பால்தான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எண்ணுக்காகக் காத்திருப்பது. பேச்சு சொல் சொல்லாக உடைகிறது, கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் மீற்றரைத் தேடவேண்டாம், புளூடூத் இணைகிறதா என்று பார்க்கவேண்டாம். நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசரோடு (பம்பில் பூட்டி மருந்தை இழுக்கிற குடுவை) நீலப் பம்பைத் தாளில் எழுதியபடி கொடுத்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இழுப்புச் சத்தம் திடீரென அடங்கினால் குறைந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். காற்றே போகவில்லை என்றும் அர்த்தமாகலாம்.

பராமரிப்பு சின்ன விஷயம்தான், ஆனால் கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் ஈரமும் கருவியைச் சீக்கிரம் கெடுக்கும். வாய்வைக்கும் குழாயை மெல்லிய சவர்க்காரத்தில் கழுவி நன்றாகக் காயவிட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஆளுக்கொரு குழாய். நுளம்புத்திரி கொளுத்துகிற மேசையிலோ சாம்பிராணித் தட்டுக்குப் பக்கத்திலோ வைத்து ஊதவேண்டாம். அந்தப் புகையே மூச்சை இறுக்கி எண்ணையும் இறக்கிவிடும். பற்றரி ஒன்று கூடுதலாக வாங்கி அதே டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.