பால்நிலை, பன்மைத்துவம், மாற்றுத்திறன்: களப்பணியாளர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளிகளை உள்வாங்குவது பற்றிய பயிற்சியை மேல்மாடி மண்டபத்தில் வைத்தால், வருகிற உத்தியோகத்தருக்கு முதல் பாடம் நடத்துவது அந்தப் படிக்கட்டுத்தான். கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி என்று யாராக இருந்தாலும், கேட்டதைவிடக் கண்டதையே ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் இந்தப் பயிற்சிகள் பிழையாகிப் போவதற்கான காரணங்களில் பாதி, வளவாளர் பேசத் தொடங்குவதற்கு முன்பே விதைக்கப்பட்டுவிடுகின்றன.

இடமும் நாளும்

"சாய்வுப்பாதை இருக்கு" என்று மண்டபக் காவலாளி சொல்வதை நம்பி முற்பணம் கட்டவேண்டாம். அளவு நாடாவோடு நேரில் போய்ப் பாருங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் 18 அடிப் பாதை. பல இடங்களில் அந்த உயரத்துக்கு ஐந்தாறு அடிக்கு ஒரு சிமெந்துச் சரிவை மட்டும் போட்டிருப்பார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, பின்னால் சரியும். கதவு 90 சென்ரிமீற்றர் அகலம் இருந்தால் வசதி. மலசலகூடத்துக்குள் நாற்காலி திரும்ப ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வெளி வேண்டும். மலசலகூடத்தைப் பார்க்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது. அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

நாளைக் குறிக்கும்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், நோன்பு மாதம், பெரும்போக அறுவடை ஆகிய மூன்றையும் விலக்குங்கள். மாரியில் வெள்ளம் வந்தால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து பட்டினத்துக்கு வருவதே பெரும்பாடு. காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை என்று நேரசூசி போட்டால், பாடசாலை விடும் ஒன்றரை மணிக்குப் பிள்ளையை எடுக்கவேண்டிய தாய்மார் இடையில் எழும்பிப் போவார்கள். அவர்களுக்கு அக்கறையில்லை என்று பிறகு அறிக்கையில் எழுதுவது அநியாயம். ஒரு முழுநாளை இரண்டு அரைநாளாக உடைத்து, மூதூரிலோ கிண்ணியாவிலோ அவர்களுக்குக் கிட்டவாக வையுங்கள். உதவியாளரோடு வருகிறவருக்குப் போக்குவரத்துப் படி இரண்டு பேருக்கு.

கண்ணைக் கட்டி நடக்க விடுவது

இந்தப் பயிற்சிகளில் மிகப் பிரபலமானதும் அதிகம் கெடுப்பதும் இதுதான். துணியால் கண்ணைக் கட்டிப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். "பயமாக இருந்தது, பாவம் அவர்கள்" என்பதுதான் வரும் பதில். கண் கட்டப்பட்டவருக்குக் கிடைப்பது பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் திகைப்பு மட்டுமே. இருபது வருடமாகப் பார்வையில்லாமல் சமைத்து, பஸ் ஏறி, கடைக் கணக்குப் பார்க்கும் ஒருவரின் திறமை அவருக்குத் தெரியவராது. இரக்கம் கூடும், தடை அப்படியே இருக்கும். "பாவம்" என்று சொன்னவர் நாளைக்கு வாழ்வாதார உதவிப் பட்டியல் போடும்போது, பார்வையில்லாதவருக்குத் தையல் இயந்திரம் எதற்கு, உலர் உணவுப் பொதி போதும் என்று முடிவெடுப்பார்.

அதற்குப் பதில் நான்கு பேருக்கு ஒரு அளவு நாடா கொடுத்து, 40 நிமிடத்தில் அவர்கள் வேலைசெய்யும் அலுவலகத்தையே அளக்கவிடுங்கள். வாசல், கவுண்டரின் உயரம், அறிவித்தலின் எழுத்து அளவு, மலசலகூடம். மாற்றுத்திறனாளி ஒருவர் அதை வழிநடத்தட்டும். மற்ற வளவாளர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவை அவருக்கும் கொடுங்கள். அவரை அழைத்துச் சோகக்கதை சொல்லவைப்பது கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், கட்டடங்களின் அணுகுவசதிக்கு 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. இவற்றை அந்த அளவெடுப்போடு சேர்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

"உங்கள் பிரிவில் எத்தனை பேர்?"

இப்படிக் கேட்டால் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் இருப்பவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். மாற்றுத்திறன் புள்ளிவிபரங்களுக்கான சர்வதேசக் குழுவான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இதற்காகவே உருவானவை: பார்ப்பது (கண்ணாடி போட்டும்), கேட்பது (கேட்கும் கருவி போட்டும்), நடப்பதும் படி ஏறுவதும், நினைவும் கவனமும், குளித்து உடுத்துவது, பேசிப் புரியவைப்பது. விடை நான்கு: சிரமமில்லை, சிறிது சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஒன்றிலாவது பிந்திய இரண்டில் ஒன்று வந்தால் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பிழை எங்கே வருகிறது? "மாற்றுத்திறனாளிகளைப் பற்றிக் கொஞ்சம் கேட்கிறோம்" என்று தொடங்கியவுடன் பாதிப்பேர் "எங்கட வீட்டில அப்படி ஆரும் இல்லை" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சொல்லே கேள்விக்குள் வரக்கூடாது. "கஷ்டம்" என்று கேட்டால் சிலர் பணக்கஷ்டத்தைச் சொல்வார்கள், "சிரமம்" என்றே கேளுங்கள். நான்கு விடைகளையும் ஒவ்வொரு முறையும் வாசிக்கவேண்டும். "வயசு போனா இப்பிடித்தானே" என்று ஆச்சி சொன்னதை "சிரமமில்லை" என்று பதிவது வழமையான தவறு. வீட்டுத் தலைவரிடம் கேட்டு மற்றவர்களுக்கும் அவரே பதில் சொல்லவிடுவது இன்னொன்று. சிறுபிள்ளைகளுக்கும் மனநலச் சிரமங்களுக்கும் இந்த ஆறு கேள்விகள் போதா.

பெண்களின் தலையை எண்ணுவது

முப்பது பேரில் பதினெட்டுப் பேர் பெண்கள் என்பதால் பால்நிலைச் சமத்துவம் வந்துவிடாது. யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் எந்த நேரத்தில் என்ன வேலை என்று காட்டும் 24 மணிநேர வட்டத்தை ஆண்கள் குழுவும் பெண்கள் குழுவும் தனித்தனியே வரைவது நல்ல பயிற்சி. ஆனால் இரண்டையும் பக்கத்தில் ஒட்டி ஆண்களை நோகடிப்பதோடு நிறுத்தினால் அவர்கள் வாய்மூடிவிடுவார்கள். நாங்கள் வைக்கிற கூட்டம் இந்த வட்டத்தில் எந்த நேரத்தில் விழுகிறது என்று கேளுங்கள். பேச்சு அவர்களுடைய வேலைக்குத் திரும்பும்.

வன்முறை பற்றிய அமர்வில் சொந்த அனுபவத்தை வட்டத்தில் சொல்லும்படி ஒருபோதும் கேட்கவேண்டாம். சின்ன ஊரில் அது மாலைக்குள் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். தனியே வந்து சொல்கிறவருக்காக ஒரு தாள் தயாராக இருக்கட்டும்: பெண்கள் உதவி இலக்கம் 1938, பொலிஸின் பெண்கள் சிறுவர் பிரிவு, வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவ வைத்தியசாலையில் உள்ள நட்பு நிலையம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளை கேட்டு அவரோ அவர் சார்பில் பொலிஸாரோ நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். களப்பணியாளர் நடுவில் நின்று சமாதானம் பேசக்கூடாது. காது கேளாத பெண்ணுக்குக் கணவனோ அண்ணனோ சைகையைப் பெயர்த்துச் சொல்வதையும் விடக்கூடாது, அடிக்கிறவர் அவராகவே இருக்கலாம்.

மூன்று சமூகங்கள், இரண்டு மொழிகள்

தமிழும் சிங்களமும் கலந்த குழுவில் ஒருவர் பேச இன்னொருவர் பெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். நேரசூசியில் பாதியை வெட்டாவிட்டால் கலந்துரையாடல்தான் பறிபோகும். பின்வரிசையில் குசுகுசுவென்று பெயர்ப்பது அந்த வரிசையைப் பயிற்சிக்கு வெளியே வைப்பதற்குச் சமம். ஒரேயொரு முஸ்லிம் பெண் வந்திருந்தால் "உங்கட ஆட்கள் என்ன நினைக்கினம்?" என்று கேட்காதீர்கள்.

தமிழர் என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவதும் தவறுதான். மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ்தான் பேசுகிறார்கள், அதனால் படிவத்தில் மறைந்துவிடுகிறார்கள். சாதியைப் பற்றி மண்டபத்தில் யாரும் வாய்திறப்பதில்லை. கிராமத்தின் வரைபடத்தைக் கையால் வரையவிட்டு, கடைசி மூன்று கூட்டங்களுக்கு வந்த வீடுகளில் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். கொட்டை விழாத மூலை எது என்பது பேச்சில்லாமலே தெரியும்.

கையேடுகளை யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பினால், பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். யூனிகோட்டில் அனுப்புங்கள், படமாக அல்ல. முழுநாள் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் தேவை, கை சோராமல் மாறி மாறிச் செய்ய. அவர்களுக்குப் பின்னால் யன்னல் வெளிச்சம் இருந்தால் கையும் முகமும் தெரியாது.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் வினாத்தாள் ஞாபகசக்தியைத்தான் அளக்கும். ஆறு கிழமை கழித்து அவர்களுடைய அலுவலகத்துக்கே போய்க் கூட்ட வரவுப் பதிவேட்டையும் விண்ணப்பப் படிவத்தையும் கேட்டுப் பாருங்கள். கூட்ட நேரம் மாறியிருக்கிறதா, படிவத்தில் அந்த ஆறு கேள்விகள் ஏறியிருக்கின்றனவா என்று தெரியும். அந்தப் பயணச் செலவை முதலே பாதீட்டில் போட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.