காபி டின் ரேடாரால் சுவருக்குப் பின்னால் பார்ப்பது எப்படி?

2011இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில் கிரெகரி சார்வட் குழுவினர் எட்டரை அடி நீள ஆன்டெனா வரிசை ஒன்றைக் கட்டி, கான்கிரீட் சுவருக்கு அப்பால் நடமாடும் ஆட்களைத் திரையில் காட்டினார்கள். ரேடியோ அலை அனுப்ப 13 ஆன்டெனா, எதிரொலியை வாங்க 8. ஜோடி மாற்றி மாற்றி இயக்கியதில் 44 ஆன்டெனாக்களின் பலன் கிடைத்தது.

நமக்கு அவ்வளவு வேண்டாம். பார்க்கும் பொருள் அசையாமல் இருந்தால், ஒரே ஜோடியைத் தள்ளித் தள்ளி வைத்தே வரிசை உண்டாக்கலாம். சார்வட் எம்ஐடி மாணவர்களுக்குக் கற்றுத்தந்த காபி டின் ரேடார்தான் இதற்கு அடிப்படை.

படி 1: டின்

10 செ.மீ. விட்டமுள்ள தகர டின் இரண்டு. இவைதான் ஆன்டெனா ஜோடி: ஒன்று அலை அனுப்ப, மற்றது வாங்க. வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ. அதில் கால் பங்கு, சுமார் 3 செ.மீ. செம்புக் கம்பி டின்னுக்குள் நீட்டியிருக்க வேண்டும். கம்பிக்கான துளையை டின்னின் அடியிலிருந்து எங்கே போடுவது? கைதவறும் இடம் இதுதான். டின்னுக்குள் அலை நீண்டு 18 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே போய்விடும். ஆகவே துளை அதில் கால் பங்கான 4.6 செ.மீ.யில்.

படி 2: மின்சுற்று

ஆசிலேட்டர் (அலையை உண்டாக்குவது), ஆம்ப்ளிஃபயர் (பெருக்குவது), ஸ்ப்ளிட்டர் (இரண்டாகப் பிரிப்பது), மிக்சர் (அனுப்பும் அலையையும் எதிரொலியையும் கலந்து அதிர்வெண் வித்தியாசத்தைத் தருவது) எல்லாம் தனித்தனிப் பெட்டிகளாகக் கிடைக்கும். திருகி இணைத்தால் போதும். அதிர்வெண்ணை 20 மில்லிவிநாடியில் 2.40இலிருந்து 2.48 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். எதிரொலி திரும்புவதற்குள் ஆசிலேட்டர் சற்று மேலே போயிருக்கும். மிக்சர் தரும் அந்த வித்தியாசம்தான் தூரத்தைச் சொல்லும். 5 மீட்டருக்கு வெறும் 133 ஹெர்ட்ஸ், காதுக்கே கேட்கும்! அதனால் சவுண்ட் கார்டில் பதிந்துகொள்ளலாம். ஸ்டீரியோ உள்ளீடு அவசியம்: ஒரு பக்கம் எதிரொலி, மறுபக்கம் ஒவ்வொரு ஏற்றமும் தொடங்கும் நேரத்தைக் காட்டும் துடிப்பு.

படி 3: தள்ளுதல்

சுவருக்கு இணையாக 2.4 மீட்டர் பலகை. 3 செ.மீ.க்கு ஓர் இடம் என 81 இடங்களில் பதியுங்கள். அலுப்பில் இடைவெளியைக் கூட்டினால் இல்லாத இடத்தில் போலி உருவம் தோன்றும்.

படி 4: கூட்டல்

அறையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 81 இடங்களிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, அந்தந்தத் தூரத்து எதிரொலியை அலையின் முகடும் பள்ளமும் ஒத்துவரும்படி திருத்திக் கூட்டுங்கள். பொருள் இருக்கும் கட்டத்தில் அலைகள் சேர்ந்து ஓங்கும். மற்ற இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

படி 5: சுவரை அழித்தல்

இப்போது படம் முழுக்கச் சுவர்தான் தெரியும். லிங்கன் ஆய்வகச் சோதனையில் கான்கிரீட்டைத் தாண்டிப் போய் மீண்டு வந்தது அனுப்பிய ஆற்றலில் 0.0025 சதவீதமே. சரி, என்ன செய்யலாம்? முதலில் அறையைக் காலியாக வைத்து ஒரு பதிவு. அப்புறம் உள்ளே எவர்சில்வர் குடம் வைத்து இன்னொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சுவர் போய்விடும், குடம் நிற்கும். தட்டையான தகடு வேண்டாம். அது அலையை ஒரே பக்கம் திருப்பிவிடும். 5 மீட்டர் தொலைவில் பக்கவாட்டுத் துல்லியம் சுமார் 13 செ.மீ., ஆழத்தில் கிட்டத்தட்ட 2 மீட்டர். ஆகவே குடம் நீளமான கோடாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள்.

குடத்துக்குப் பதில் ஆள் நின்றால்? 81 பதிவு முடிவதற்குள் அவர் நகர்ந்துவிடுவார். லிங்கன் வரிசை விநாடிக்கு 10.8 படம் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழிக்கிறது. அதில் சுவரும் மேசையும் காணாமல் போகும். ஆள் மட்டும் மிஞ்சுவார்.