அப்பாவின் கடைசல் லேத்தை எடைக்குப் போடாமல் விற்ற கதை, அப்படியே விற்கும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கீழறையில்தான், மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டிக் கடையும் அப்பாவின் மரக் கடைசல் லேத்து இருந்தது. கட்டில் கால், மாடிப்படித் தூண், சப்பாத்திக் கட்டை, மத்து, பம்பரம், கேரம் காய் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. அப்பா போன பிறகு அதன்மேல் அரிசி மூட்டை வைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அறைக்குள் முட்டியளவு தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் முதலில் வாசலுக்கு வந்தவர் காயலாங்கடைக்காரர். "இன்னாக்கா, போட்டுர்லாமா? கிலோ இருபத்தெட்டு."

நூற்றெண்பது கிலோ தேறும் என்றார். ஐயாயிரம் ரூபாய். கொடுத்திருப்பேன். தம்பி போனில் "அவசரப்படாதேக்கா" என்றதால் நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து அதே லேத்து 16,500 ரூபாய்க்குப் போனது. நடுவில் நான் செலவழித்தது 1,900. அதில் ஒரு பகுதி வீண்செலவு, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெயின்ட் அடிக்காதீர்கள். என் தங்கை வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பச்சை எனாமல் அடித்துக் கொடுத்தார். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. முதலில் பார்க்க வந்தவர் திருவொற்றியூர்க் கடைசல்காரர், அறுபத்தைந்து வயதிருக்கும். லேத்தை ஒருமுறை சுற்றி வந்தார், பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் காலருகே சுரண்டினார். உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு கோடு. எப்போதோ விரிசல் விட்ட வார்ப்பிரும்புக் காலை அப்பா பிரேசிங் வைத்து, அதாவது பித்தளையை உருக்கி, ஒட்டியிருக்கிறார். "ஏம்மா, புண்ணு மேல பவுடர் போட்டுக்கினு கீறீங்க?" என்றார். விலைகூடக் கேட்காமல் போய்விட்டார்.

அந்த ஒட்டு கெட்டியாகவே இருந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் லேத்து ஓடியிருக்கிறது. மறைத்ததுதான் வினை. பெயின்ட் ரிமூவர் வாங்கிப் பச்சையைச் சுரண்டி எடுத்தேன். அதற்குப் பின் வந்த எல்லோருக்கும் அந்த ஒட்டை நானே முதலில் காட்டினேன். யாரும் அதற்காக விலை குறைக்கவில்லை.

சரி, என்னதான் செய்யலாம்? துருவைப் பார்க்கும்படி சுத்தம் செய்யலாம், அவ்வளவுதான். எங்கள் பக்கம் கடல் காற்று, இரும்பைத் திறந்து வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும். பெட்டின், அதாவது லேத்தின் நீளமான அடித்தளத்தின், மேற்பரப்பில் உப்புத்தாளை அழுத்தித் தேய்க்காதீர்கள். மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நகரும் இடம் அது. ஓரிடத்தில் பள்ளம் விழுந்தால் இரண்டு முனையும் நேருக்கு நேர் வராது. தேய்த்து முடித்ததும் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் பூசினால் பிசுக்குப் பிடித்து, மரத்தூள் அதில் அப்பிக்கொள்ளும். இறுகிய நட்டு எதையும் சுத்தியலால் அடிக்க வேண்டாம். வாங்குகிறவர் தன் பொறுப்பில் கழற்றட்டும்.

மோட்டார் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை "ஓடுதா பார்ப்போம்" என்று ஸ்விட்ச் போட்டுவிடாதீர்கள், காயில் (உள்ளே சுற்றிய கம்பி) புகைந்துவிடும், ஷாக்கும் அடிக்கலாம். எங்களுடையது ஒரு ஹெச்.பி., சிங்கிள் பேஸ், 1440 ஆர்.பி.எம். கழற்றி மீன்பாடி வண்டியில் ஏற்றி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு அனுப்பினேன். அவர் திறந்து நல்ல தண்ணீரில் கழுவி, காய வைத்து, கரன்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் வைத்துப் பார்த்தார். ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால்தான் கரன்ட் கொடுப்பேன் என்றார். காயில் தப்பியது, கண்டன்சர் போயிருந்தது. மாற்றினோம். செலவில் பெரிய பங்கு இதற்குத்தான், உருப்படியான செலவும் இதுதான். ஓடும் மோட்டாரோடு நிற்கும் லேத்துக்கும் மோட்டார் இல்லாத லேத்துக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம், ஒரு நோட்டும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். போனில் கேட்கிறவர்கள் கேட்பது இவைதான்: மரத்தை இருபுறமும் குத்திப் பிடிக்கும் இரண்டு சென்டருக்கும் நடுவே எவ்வளவு நீளம் கடையலாம்? எங்களுடையது 36 அங்குலம், மாடிப்படித் தூணுக்குப் போதும். பெட்டிலிருந்து சென்டரின் உயரம் எவ்வளவு? ஆறு அங்குலம் என்றால் பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள மரம்வரை சுற்றும். டெயில்ஸ்டாக் துளை எந்த மோர்ஸ் டேப்பர், அதாவது சென்டரைச் செருகும் கூம்புத் துளையின் நம்பர் என்ன? வாய் ஏறக்குறைய 17.8 மி.மீ. இருந்தால் இரண்டாம் நம்பர், 12 மி.மீ. என்றால் ஒன்றாம் நம்பர். நம்பர் தெரிந்தால் புது சென்டர் கடையில் கிடைக்குமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மரை விட்டம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதையும் எண்ணி எழுதுங்கள்.

ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பெயர்த்தகடு இருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்துப் படம் எடுங்கள். பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் பக்கத்து வார்ப்பாக இருக்கலாம். இங்கிலாந்தின் வாட்கின், மைஃபோர்ட் போன்ற பெயர் இருந்தால் அவசரமே வேண்டாம், அதைத் தேடுகிற ஆட்கள் தனி. எங்களுடையதில் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டை மட்டும்தான்.

ஸ்பிண்டில் ஆட்டம் பார்ப்பது எளிது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் மூக்கின் கீழ் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். "டொக்" என்றால் தண்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. எங்களுடையதில் வெண்கல வகையான கன்மெட்டல் புஷ், டொக் என்றது. கேரம் காய் கடைகிறவருக்கு இதன் அருமை தெரியும். காயின் விட்டம் 3.02 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 3.18-ஐத் தாண்டவும் கூடாது. ஸ்பிண்டில் ஆடினால் காய்கள் ஒரே அளவில் வராது. கட்டில் கால் கடைகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. எப்படியும் புதுப் புஷ் கடைந்து போட ஓர் இரும்பு லேத்துப் பட்டறை போதும்.

உதிரிகளைத் தேடுங்கள். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட், மரத்தைப் பொருத்தும் ஃபேஸ் பிளேட், முள் சென்டர், ஸ்பானர், கடைசல் உளிகள் எல்லாம் பரண்மேல், படிக்கட்டின் கீழ், பக்கத்து வீட்டில்கூட இருக்கும். எங்கள் டூல் ரெஸ்ட் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. அது இல்லாமல் லேத்தை விற்றால் வாங்குகிறவர் அந்தச் செலவை இரண்டு மடங்காக்கித்தான் கழிப்பார்.

விளம்பரத்தில் "பழைய லேத்து விற்பனைக்கு" என்று மட்டும் போட்டேன். வந்ததெல்லாம் காயலாங்கடை அழைப்பு. மாற்றி எழுதினேன்: "மரக் கடைசல் லேத்து. கேரம் காய், கட்டில் கால் கடைந்தது. 36 அங்குலம். மோட்டார் ஓடும். புஷ் தேய்ந்திருக்கிறது. ஒரு காலில் பிரேசிங் ஒட்டு. வெள்ளத்தில் நின்றது. உள்ளது உள்ளபடி." இரண்டு நாளில் ஒன்பது அழைப்பு, நான்கு பேர் கேரம் காய் பற்றியே பேசினார்கள். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பை வென்றது பின்னால் நடந்தது. அதற்கு முன்பே எங்கள் ஏரியாவில் சந்துக்குச் சந்து பலகை உண்டு. மரக்கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் சொல்லி வையுங்கள், உண்மையான ஆள் அங்கிருந்தும் வருவார்.

ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பார்க்காமலேயே கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, "முன்பணம் வர இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க மேடம்" என்றார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போனை வைத்துவிடுங்கள்.

விலைக்கு என் கணக்கு இது: எடை விலையைக் கீழ்க்கோடாக வைத்தேன், ஓடும் நிலையில் அதே அளவு லேத்து என்ன விலை என்று இரண்டு பட்டறையில் விசாரித்தேன், சரிசெய்யும் செலவைக் கழித்தேன். 22,000 கேட்டேன். ஹோட்டல் அலங்காரம் செய்கிற ஒருவர் 18,000 தருவதாகச் சொன்னார், ஆனால் காலை அறுத்துவிட்டு மேசையாக்குவாராம். எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு வந்தால் தவறில்லை, ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் ரூபாய்தான். கொளத்தூரிலிருந்து வந்த தம்பி ஒருவன், கம்ப்யூட்டர் வேலை, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டான். அவனுக்குத்தான் கொடுத்தேன். பணம் என் கணக்கில் ஏறியதை வங்கிச் செய்தியில் பார்த்த பிறகு, "உள்ளது உள்ளபடி" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஏற்றுவதற்கு ஞாயிறு காலை ஆறு மணி சொன்னேன். தீபாவளி, பொங்கல் சமயத்தில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கம் குட்டி யானை நுழையவே முடியாது. மோட்டாரையும் டெயில்ஸ்டாக்கையும் தனியாகக் கழற்றி, நட்டு போல்ட்டை ஒரு காபித்தூள் டப்பாவில் போட்டோம். பெட்டின் கீழ் மூன்று பைப்பை உருளையாகக் கொடுத்துக் கடப்பாரையால் தள்ளினால் நான்கு பேர் போதும். ஹெட்ஸ்டாக்கைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஸ்பிண்டிலில் கயிறு கட்டவும் கூடாது.

மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பி போன் செய்தான். ஹெட்ஸ்டாக்கின் வெளிப்பக்க ஃபேஸ் பிளேட் கழலவே மாட்டேன் என்கிறதாம், கம்பி கொடுத்து அடிக்கப் போகிறானாம். நல்லவேளை, கேட்டான். "அடிக்காதப்பா, அந்தப் பக்கம் இடது மரை. கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பு" என்றேன். போனிலேயே கழன்ற சத்தம் கேட்டது. நீங்கள் விற்கும்போது இதைத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.