மெல்லச் சொன்னால் காதில் விழ

பாறை மீன் வாங்கச் சொன்னால் சாளை மீனோடு வந்து நிற்பேன். தங்கச்சிமடத்தில் விசைப்படகு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் கிடந்த காது. சத்தம் கேட்கும், சொல்தான் பிரியாது. ‘ஆ’வும் ‘ஐ’யும் கனத்த ஓசை, விழுந்துவிடும். ‘ப’வும் ‘ச’வும் மெலிந்தவை. அதிலும் ‘ச’ கீச்சென்று உயரத்தில் ஒலிப்பது. எஞ்சின் சத்தம் முதலில் தின்பது அந்த மாதிரி உயர்ந்த ஒலிகளைத்தான்.

முதலில் வாங்கிய காது மிஷின் எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கியது. பேத்தி பேச்சுக்காகக் கூட்டினால், தட்டு விழும்போது மண்டை தெறிக்கும். இருபது நாளில் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இப்போதைய டிஜிட்டல் மிஷின் மெல்லிய சத்தத்தை நிறையவும் பெரிய சத்தத்தைக் கொஞ்சமாகவும் கூட்டும். ஆனால் அதை உங்கள் காதுக்கு ஏற்றபடி ஒருவர் வைத்துத் தர வேண்டும். அப்படி வைத்துத் தரும் ஆடியாலஜிஸ்டிடம் ‘சத்தம் பத்தலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘மெல்லப் பேசினால் விளங்கலை’ என்று சொல்லுங்கள். காதுக்குள் சின்னக் குழாய் விட்டு அளக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 50 டெசிபல் அளவு மெல்லிய பேச்சு செவிப்பறை வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

வீட்டுச் சோதனை ஒன்றும் உண்டு. ஃபேனை நிறுத்திவிட்டு, என் மனைவி ஆறடி தள்ளி உட்கார்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, அடங்கிய குரலில் பத்து மீன் பேர் சொல்வாள்: பாறை, சாளை, காரல், சூடை, சீலா... நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மிஷின் இல்லாமல் ஒரு தடவை, அப்புறம் பேர் வரிசையை மாற்றி, மிஷினைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை. எது எதுவாகக் கேட்டது என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன், அதை வைத்துத்தான் மிஷினைத் திருத்தினார்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும், அதனால் பக்கத்தில் வந்து பேசச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

முதல் சில வாரம் பனையோலை உரசல், ஃபிரிட்ஜ் முனகல், சொந்தச் செருப்பு எல்லாம் பெரிதாகக் கேட்கும். மெல்லிய பேச்சைத் தூக்குகிற மிஷின் மெல்லிய இரைச்சலையும் தூக்கத்தானே செய்யும்? கழற்றாதீர்கள், காது பழகிவிடும். கச்சான் காற்றில் கரையில் நின்றால் மைக்கில் ‘ஹூ’ என்று இரையும். நான் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன்.

இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் உப்புக்காற்று பொல்லாதது. போன மாதம் மறுபடி சாளை வாங்கி வந்தேன். மிஷினைத் திட்டிக்கொண்டே பார்த்தால், அதன் வடிகட்டியில் காதுக் குறும்பி அடைத்திருந்தது.